ஸ்கர்ட்டிங்: பூச்சுக்குள் பதிப்பதா, மேலே ஒட்டுவதா?

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். சென்ட்ரிங் பிரித்தாகிவிட்டது, சுவரைக் காடி வெட்டி மின்குழாய் பதித்தாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை உள்பூச்சு ஆரம்பம். இந்த நேரம் பார்த்துக் கொத்தனார், சுவரடியில் தரையோரமாக ஒட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங் பற்றி ஒரு கேள்வியைப் போட்டார்: "ஸ்கர்ட்டிங் வரும் இடத்தைப் பூசாமல் விட்டுவிடவா, தரைவரைக்கும் பூசிவிடவா? இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

எங்கள் பொறியாளர், "ஊரில் எல்லா வீட்டிலும் பூச்சுக்கு மேல்தான் ஒட்டுகிறார்கள், தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள்" என்கிறார். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் தினமும் தூசி துடைப்பது யார் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் 2க்கு 2 அடி டபுள் சார்ஜ் விட்ரிஃபைடு டைல்ஸ் (நிறம் ஆழமாக இறங்கிய, தண்ணீர் குடிக்காத வகை), வெளிர் சந்தன நிறம், எடுத்து வைத்திருக்கிறோம். உயரம் 3 அங்குலமா 4 அங்குலமா? அதே டைல்ஸையே வெட்டி ஒட்டலாமா, கறுப்புக் கிரானைட் வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிவில்_மதுரை

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் பெயிண்டர் வந்து நின்ற பிறகுதான் இதைக் கேட்பார்கள். அப்போது ஒரே ஒரு விடைதான் மிச்சமிருக்கும்.

ஸ்கர்ட்டிங் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். சுவரோரம் தரை டைல்ஸை இறுக்கி முட்ட விடக் கூடாது. வெயிலில் விரியும், கட்டடம் அமரும். ஆகவே 5 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறோம். அதை மூடுவது முதல் வேலை. துடைக்கும் தண்ணீரும் துடைப்பக் கட்டையும் நாற்காலிக் காலும் சுவரின் பட்டியையும் (பெயிண்டுக்கு அடியில் தடவும் மாவுப் பூச்சு) பெயிண்டையும் தொடாமல் காப்பது இரண்டாவது. அழகு மூன்றாவதுதான்.

இனி கணக்கு. செங்கல் சுவரின் உள்பூச்சு 12 மி.மீ. கனம் என்று வரைபடத்தில் எழுதுவோம். சுவரின் கரடான பக்கத்தில் அது 15 மி.மீ. ஆகும். உங்கள் டைல்ஸ் 8 முதல் 10 மி.மீ. இருக்கும். பசை 3 முதல் 5 மி.மீ. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட பூச்சின் கனம் வந்துவிடுகிறது. பூச்சை ஸ்கர்ட்டிங் உயரத்துக்கு மேலேயே நிறுத்திவிட்டு, செங்கல் மேல் நேராக டைல்ஸை ஒட்டினால் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கும். சுவரோடு சமமாக வைப்பது என்பது இவ்வளவுதான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. முடிந்த தரை எந்த உயரத்தில் வரும் என்று இன்றே தெரிந்திருக்க வேண்டும். இப்போது உங்கள் வீட்டில் இருப்பது வெறும் மண்ணோ கான்கிரீட்டோதான். தலைவாசல் நிலையிலிருந்து தரை மட்டத்தை முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் எல்லா அறைச் சுவர்களிலும் மட்டக்கோடு அடிக்கச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங் 98 மி.மீ., அடியில் 2 மி.மீ. இடைவெளி, மேலே பூச்சுக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் நடுவே 8 மி.மீ. பள்ளக்கோடு, ஆக 108 மி.மீ. மட்டக்கோட்டிலிருந்து 892 மி.மீ. கீழே இறங்கினால் பூச்சு நிற்க வேண்டிய இடம். அந்த இடத்தில் இன்னொரு கோடு அடித்துவிட்டால் கொத்தனாருக்குக் கேள்வியே வராது.

என் ஓட்டு: கூடத்தில் சமமாக. மற்ற அறைகள் உங்கள் விருப்பம்.

ரசமட்டம் (டைல்ஸ் வேலை, ஈரோடு)

மதுரைப் பொறியாளர் சொன்ன கணக்கு காகிதத்தில் சரி. வேலை செய்யும் இடத்தில் நடப்பதையும் சொல்கிறேன்.

பூச்சு வேலைக்கு வருகிறவர் வேறு, டைல்ஸ் வேலைக்கு வருகிறவர் வேறு. முதலில் வந்தவர் பூச்சைக் கோணலாக நிறுத்திவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து நான் வந்து நிற்பேன். ஓர் ஓரத்தில் பள்ளம் 10 மி.மீ., மறு ஓரத்தில் 22 மி.மீ. இருக்கும். ஏனென்றால் செங்கல் சுவர் வளைந்திருந்தால் அந்த வளைவைப் பூச்சுதான் சரிக்கட்டும். பூச்சின் கனம் எல்லா இடத்திலும் 12 மி.மீ. இருந்த வீட்டை நான் பார்த்ததில்லை. அப்போது டைல்ஸுக்குப் பின்னால் கலவையை ஏற்றித்தான் தளத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அது கூடுதல் வேலை, அதற்குக் கூலியும் கூடுதல்.

ஆகவே தம்பி, சமமாக வைப்பதென்றால் பூச்சு நிற்கும் கோட்டில் அலுமினியச் சட்டமோ நேரான மரச்சட்டமோ அடித்து, அதன்மேல் பூசச் சொல்லுங்கள். சட்டத்தை எடுத்தால் விளிம்பு கத்தி வெட்டியது போல நிற்க வேண்டும். கரணையால் கண்மதிப்பில் இழுத்துவிட்டுப் போனால் அந்த விளிம்பு ஒருநாளும் நேராகாது. பட்டி வைத்து மறைத்தாலும் ஆறு மாதத்தில் பொருக்காக உதிரும்.

வெட்டும் கணக்கு இது: 2 அடி டைல்ஸ் என்பது 600 மி.மீ. கட்டிங் மெஷின் தகடு ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 2 மி.மீ. தின்றுவிடும். ஆறு துண்டு எடுத்தால் ஐந்து வெட்டு, 10 மி.மீ. போய்விடும். மீதி 590. ஒரு துண்டு 98 மி.மீ. வரும். பொறியாளர் 98 என்று எழுதியதைப் பார்த்ததும் இவர் களத்தில் நின்றவர் என்று தெரிந்தது. முழு 100 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு டைல்ஸுக்கு ஐந்து துண்டுதான் தேறும், மீதி வீண்.

ஒரு டைல்ஸ் 12 அடி ஓட்டத்துக்கு வரும். 12க்கு 10 அறை என்றால் சுற்றளவு 44 அடி, கதவுக்கு 3 அடி கழித்தால் 41. நான்கு டைல்ஸ், அதாவது ஒரு பெட்டி. தரைக்கு வாங்கும்போதே இதையும் சேர்த்து, ஒரே பேட்ச் எண்ணில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறும், மாறினால் கண் அங்கேதான் போகும்.

திண்ணை (கும்பகோணம்)

எங்கள் வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை. என் மாமனார் காலத்தில் போட்டது. தரை போட்டவரே அதே கலவையைச் சுவரில் ஆறு அங்குலம் ஏற்றி, தரையும் சுவரும் சேரும் மூலையைக் குழிவாக உருட்டிவிட்டிருக்கிறார். மூலையே கிடையாது. துடைப்பம் வழுக்கிக்கொண்டு போகும். மேல் விளிம்பில் கறுப்பு ஆக்சைடில் ஒரு விரல் அகலக் கோடு, அது பூச்சோடு சமம். நீங்கள் எல்லோரும் 2 மி.மீ., 8 மி.மீ. என்று சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது.

ரசமட்டம்

அம்மா, அந்த வேலை செய்யும் கை இப்போது எங்கே இருக்கிறது? பூசிய ஈரம் காய்வதற்குள் இரவெல்லாம் உட்கார்ந்து தேய்த்தவர்கள் அவர்கள். இன்றைக்கு ஆள் கிடைத்தாலும் அந்தக் கூலிக்கு இரண்டு வீட்டுக்கு டைல்ஸ் போட்டுவிடலாம்.

மொட்டைமாடி (திருவான்மியூர்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் ஸ்கர்ட்டிங் பற்றியதுதான். தரைத்தளத்தில் பழைய வீடு. ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து பொரிந்து விழுகிறது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுரண்டிப் பட்டி வைத்து அடிக்கிறோம், ஆடிக்குள் மறுபடியும் அதே கோலம். 4 அங்குல ஸ்கர்ட்டிங்கை எடுத்துவிட்டு ஓர் அடி உயரத்துக்கு வைத்து மூடிவிடலாமா என்று ஒப்பந்தக்காரர் கேட்கிறார்.

பால்கனிச்செடி

எங்கள் பக்கத்து வீட்டில் நான்கு அடிக்கே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிவில்_மதுரை

இப்போது நன்றாக இருக்கும். ஐந்தாவது அடியில் பொரியத் தொடங்கும்போது என்ன செய்வார்கள்?

மொட்டைமாடி சார், செங்கலும் கலவையும் தரையிலுள்ள ஈரத்தைத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுக்கும். இழுத்த ஈரம் சுவரின் முகத்தில் ஆவியாகிவிட, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். அந்தப் படிகம் விரியும்போதுதான் பெயிண்டைத் தள்ளுகிறது. நீங்கள் டைல்ஸால் மூடினால் ஆவியாகும் வழி அடைபடும். ஈரம் நிற்காது, மூடாத இடம் வரைக்கும் ஏறும். ஓர் அடி ஸ்கர்ட்டிங் வைத்தால் ஒன்றரை அடியில் பொரியும். டைல்ஸின் பிடிப்பும் போய்விடும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருக்கிறதா? கழிவுநீர்க் குழாய் போகிறதா? வெளியே தெரு உயர்ந்துவிட்டதா? சென்னையில் பழைய சாலையைச் சுரண்டாமலேயே மேலே மேலே போட்டுத் தெருவை உயர்த்தியதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீடுகள் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. அப்படியானால் அடித்தளத்தின் மேல் போட்டிருந்த ஈரத்தடுப்புப் படலம் இப்போது மண்ணுக்குள் போயிருக்கும். வெளிமண் அதற்கு மேலே நேராகச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு சிறு சோதனை செய்யலாம். பொரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, ஒரு முழம் சதுரத்துக்கு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், அதற்கு மருத்துவம் வேறு.

மொட்டைமாடி

குளியலறை இல்லை. ஆனால் தெரு உயர்ந்தது உண்மைதான். மழை பெய்தால் தண்ணீர் எங்கள் வாசலைத்தான் தேடி வரும்.

சிவில்_மதுரை

அப்படியானால் உள்ளே ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் வெளியே பாருங்கள். சுவரோரம் மண்ணைத் தோண்டி, தாழ்த்த முடிந்த இடத்தில் தாழ்த்தி, வெளிச்சுவரின் அடிப்பகுதிக்கு நீர்க்காப்புப் பூச்சு கொடுத்து, தண்ணீர் விலகி ஓட வாட்டம் வைக்க வேண்டும். தரைக்குச் சற்று மேலே வரிசையாகத் துளையிட்டு நீர்விலக்கும் ரசாயனத்தைச் செலுத்தும் முறையும் இருக்கிறது. அதைப் பழகியவர் செய்தால்தான் பலன் தரும்.

உள்ளே உப்பேறிய பூச்சை, கறை தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடிவரை கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பு ஊறிய பூச்சு காற்றின் ஈரத்தையே இழுக்கும், அதைக் காப்பாற்ற முடியாது. செங்கலைக் காயவிட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளேதான் போகும். பிறகு பூச்சு, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஸ்கர்ட்டிங். 4 அங்குலமே போதும்.

காவிரிக்கரை

நான் கேட்காத கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் ஈரத்தடுப்புப் படலம் போட்டிருக்கிறார்கள், நானே நின்று பார்த்தேன். ரசமட்டம் அண்ணா, ஒட்டுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? சிமெண்ட் பால் வைத்தே ஒட்டிவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் டைல்ஸ்காரர்.

ரசமட்டம்

சிமெண்ட் பால் வேண்டாம். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரைக் குடிக்காது. அதன் நீருறிஞ்சல் அரை சதவீதத்துக்கும் குறைவு. சிமெண்ட் பால் பிடிப்பதே ஓடு அதைக் கொஞ்சம் உறிஞ்சுவதால்தான். பழைய செராமிக் சுவர் ஓட்டை நாங்கள் வாளியில் ஊறப்போட்டு ஒட்டியது அந்தக் காலம். விட்ரிஃபைடை அப்படி ஒட்டினால் முதல் வருடம் நிற்கும், அதன் பிறகு கட்டில் கால் இடித்ததும் துண்டு முழுசாகக் கையோடு வரும். பின்பக்கத்தைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். டைல்ஸ் பசைப் பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா, எந்த வகை என்று பாருங்கள். டைப் 2-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

தரை முழுவதும் போட்டு முடித்து, ஒருநாள் விட்டு, அதன் பிறகு ஸ்கர்ட்டிங். சுவர் ஓரத் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, முதலில் அறையின் இரு மூலையிலும் ஒவ்வொரு துண்டு ஒட்டி, அவற்றின் மேல் விளிம்பில் நூல் கட்டுங்கள். நடுவில் வரும் எல்லாத் துண்டும் அந்த நூலைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்க வேண்டும். தொட்டால் நூல் வளைந்துவிடும், வளைந்த நூலைப் பார்த்து அடுத்த துண்டும் வளையும்.

பசையைப் பற்கரண்டியால் துண்டின் முதுகு முழுவதும் இழுக்க வேண்டும். நடுவில் ஐந்து பொட்டு வைத்து அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை அனுப்பிவிடுங்கள். அடியில் 2 மி.மீ. ஆப்பு வைத்து நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். பசை நிரம்பிய இடத்தில் சத்தம் அடைத்து வரும், காலியான இடத்தில் 'டொப்' என்று கேட்கும். டொப் கேட்டால் அப்போதே பிடுங்கி மறுபடியும் வையுங்கள். மறுநாள் கேட்டால் பிடுங்கும்போது உடையும்.

பலர் விடுவது ஒன்று: ஸ்கர்ட்டிங்கின் இணைப்புக் கோடு தரையின் இணைப்புக் கோட்டுக்கு நேர் மேலே ஏற வேண்டும். கோடு தரையில் ஓடிவந்து சுவரில் ஏறினால்தான் வேலை தெரிந்தவர் செய்தது என்று தெரியும். அதற்கு மூலையில் முழுத் துண்டு வைத்து ஆரம்பிக்காமல், தரைக்கோட்டிலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும். மூலைக்கு வெட்டுத் துண்டு வரட்டும்.

உள்மூலையில் ஒரு துண்டைச் சுவர்வரை விட்டு மற்றதை அதில் முட்டவிட்டால் போதும். வெளிமூலைக்குத்தான் இரண்டையும் முதுகுப் பக்கம் 45 டிகிரிக்குச் சாய்த்து வெட்ட வேண்டும். முனையைக் கத்தி போலக் கூராக்காமல் 1 மி.மீ. மூக்கு விட்டு வெட்டினால் இடித்தாலும் சில்லு பெயராது. வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், முகமூடி போடச் சொல்லுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. சொன்னால் எங்கள் பையன்களே சிரிக்கிறார்கள்.

பால்கனிச்செடி

வெட்டிய பக்கம் மேலே வருமா, கீழே வருமா? எங்கள் வீட்டில் மேல் விளிம்பு செங்கல் நிறத்தில் தெரிகிறது, பார்க்கவே பிடிக்கவில்லை.

ரசமட்டம்

உங்கள் வீட்டு டைல்ஸ் கிளேஸ்டு வகையாக இருக்கும். அதில் நிறமும் படமும் மேலே மெல்லிய தோலில்தான், வெட்டினால் உடம்பின் நிறம் தெரிந்துவிடும். காவிரிக்கரை தம்பி வாங்கியிருக்கும் டபுள் சார்ஜில் மேல் நிறம் 3, 4 மி.மீ. ஆழம் போகும், அவ்வளவு அசிங்கமாகத் தெரியாது. எதுவானாலும் தொழிற்சாலை விளிம்பு உள்ள துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்து, கண்ணில் படும் சுவர்களுக்கு அந்த விளிம்பு மேலே வருமாறு ஒட்டலாம். ஆனால் ஆறு துண்டில் இரண்டுக்குத்தான் அது கிடைக்கும். மற்றவற்றை ஒட்டுவதற்கு முன்பே விளிம்பைத் தேய்த்து, லேசாகச் சரித்து, பாலிஷ் போட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு சுவரோரம் மெஷினை வைத்தால் பெயிண்டும் போகும் டைல்ஸும் போகும்.

சமமாகப் பதித்தால் இந்தத் தலைவலியே இல்லை. மேல் விளிம்பு பள்ளக்கோட்டுக்குள் மறைந்துவிடும். இவ்வளவு நேரம் சண்டை போட்டாலும் என் வீட்டில் சமமாகத்தான் வைத்திருக்கிறேன்.

சிவில்_மதுரை

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!

பன்னிரண்டாம்மாடி (பெருங்குடி)

எங்கள் அடுக்ககத்தில் படுக்கையறைக்கு லேமினேட் மரத்தரை போடப்போகிறோம். அதற்கு டைல்ஸ் ஸ்கர்ட்டிங் பொருந்தாது என்கிறார்கள். மரப்பட்டை வைத்தவர்கள் யாராவது உண்டா?

ஈலிங்வாசி (லண்டன்)

இங்கே வீட்டுக்கு வீடு அதுதான். பெரும்பாலும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, கொஞ்சம் கூடுதல் செலவழிப்பவர்கள் பைன் மரம். விக்டோரியா காலத்து வீடுகளில் எட்டு, ஒன்பது அங்குல உயரத்துக்குச் செதுக்கு வேலையோடு பார்க்கலாம். நான் வீட்டு வேலைகளை நானே செய்கிறவன், ஆகவே சொல்கிறேன்.

லேமினேட் தரை ஈரப்பதத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சுவரைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டே போடுவார்கள். உங்கள் பட்டையின் கனம் அதை மூட வேண்டும். பட்டையைச் சுவரில் மட்டுமே பொருத்த வேண்டும். தரையோடு சேர்த்து ஆணி அடித்தாலோ பசை வைத்தாலோ தரை அசைய முடியாமல் நடுவில் எழும்பிவிடும். பலகையை வாங்கியதும் பொருத்தாமல் இரண்டு நாள் அந்த அறையிலேயே படுக்கவைத்து விடுங்கள், அறையின் ஈரப்பதத்துக்குப் பழகட்டும்.

வெளிமூலைக்கு இங்கேயும் 45 டிகிரிதான். உள்மூலைக்கு அப்படி வெட்டினால் வேலை கெட்டது. எந்த வீட்டு மூலையும் சரியாக 90 டிகிரி இருப்பதில்லை, ஆகவே நடுவில் வாய் பிளந்துகொண்டு நிற்கும். முதல் பலகையைச் சுவர்வரை நேராக விட்டுவிடுங்கள். இரண்டாவதன் முனையை, முதல் பலகையின் முகத்தில் இருக்கும் வளைவுக்கு ஏற்றபடி மெல்லிய வளைவு ரம்பத்தால் அறுத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்காருமாறு செய்ய வேண்டும். அறுக்கும்போது பின்பக்கத்தைச் சற்று அதிகமாகவே எடுத்துவிட்டால் முன்விளிம்பு மட்டும் போய் ஒட்டும், மூலை எப்படி இருந்தாலும் இடைவெளி தெரியாது. முதலில் ஒரு கழிவுத் துண்டில் பழகிக்கொள்ளுங்கள்.

சுவர் நேராக இருந்தால் பிடிப்புப் பசையே போதும். வளைந்த சுவருக்குத் திருகாணியும் வேண்டும். துளையிடுவதற்கு முன், சுவருக்குள் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் போகிறதா என்று கண்டறியும் கருவியால் பாருங்கள். அடிச்சுவரில் அவை ஓடுவது மிகச் சாதாரணம்.

முடிப்பு வேலையில்தான் இந்தப் பட்டையின் மானம் இருக்கிறது. எம்.டி.எஃப். பலகையின் வெட்டு விளிம்பு பஞ்சு மாதிரி பெயிண்டை உறிஞ்சும். அதற்கு பிரைமர் இரண்டு கை அடித்து, இடையில் மெல்லிய உப்புத்தாள் போட வேண்டும். பைன் மரமானால் கணு இருக்கும் இடங்களில் முதலில் அரக்கு வார்னிஷ் தடவ வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் பிசின் மஞ்சளாக மேலே வரும். ஆணித்தலைக் குழிகளை மரப்பட்டியால் நிரப்பித் தேய்த்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இழைபோன்ற இடைவெளியை அக்ரிலிக் சீலன்ட்டால் அடைத்து, நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. எல்லாம் உலர்ந்த பிறகு மேல்பூச்சு. எண்ணெய்ப் பெயிண்டின் வெள்ளை வெளிச்சம் குறைந்த அறையில் மஞ்சளாகிவிடுகிறது, ஆகவே இங்கே நீர்சார்ந்த பெயிண்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய வீட்டுப் பட்டையைத் தேய்ப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு எச்சரிக்கை: 1960-களுக்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

சிவில்_மதுரை

ஈலிங்வாசி சொன்ன முறைகள் அருமை. ஆனால் பொருளைச் சென்னைக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம். நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். எம்.டி.எஃப். பலகையின் அடிவிளிம்பு தண்ணீர் குடித்து உப்பினால் மறுபடியும் பழைய நிலைக்கு வராது. கூடவே கரையான். பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன, இரண்டுக்கும் இந்தப் பயம் இல்லை. உள்மூலையை வளைவாக அறுப்பதும் சீலன்ட் வழிப்பதும் அவற்றுக்கும் பொருந்தும்.

பன்னிரண்டாம்மாடி

நன்றி. பன்னிரண்டாம் மாடிக்குக் கரையான் வருமா?

ரசமட்டம்

உங்கள் வீட்டுக்கு வரும் பழைய அலமாரியில் ஏறி லிப்டில் வரும்.

தூரிகை (பெயிண்டர், சேலம்)

நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் திட்டு வாங்குவது நாங்கள்தான். ஸ்கர்ட்டிங் ஒட்டுவதற்கு முன்பே சுவருக்குப் பட்டி, பிரைமர், முதல் கை பெயிண்ட் முடித்துவிடுங்கள். ஸ்கர்ட்டிங் ஒட்டிய பிறகு கடைசிக் கை மட்டும் இருக்கட்டும். எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டால் பட்டி தேய்க்கும் தூசி முழுவதும் டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட்டில் போய் உட்காரும்.

கடைசிக் கைக்கு முன் டைல்ஸின் மேல் விளிம்பில் நாடா ஒட்டுங்கள். பெயிண்ட் முழுவதும் காய்வதற்கு முன்பே, ஈரம் லேசாக இருக்கும்போது, சுவரிலிருந்து விலக்கிச் சாய்வாக உரித்தால் கோடு வெட்டியது போல நிற்கும். மறுநாள் உரித்தால் பெயிண்டின் தோலும் நாடாவோடு வரும். பள்ளக்கோடு விட்டிருந்தால் அதைச் சுவர் நிறத்தைவிட ஒரு படி கருமையாக அடியுங்கள். வெள்ளை அடித்தால் நிழலில் அழுக்காகத் தெரியும்.

கீழே தரைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் நடுவே வெள்ளைச் சிமெண்ட் வைக்கவே வைக்காதீர்கள். ஒரே மாதத்தில் துடைப்பத் தண்ணீரில் கறுத்துவிடும். டைல்ஸ் நிறத்தில் எப்பாக்ஸி கிரவுட் வையுங்கள், அல்லது அதே நிறச் சிலிக்கான்.

சிவில்_மதுரை

அந்த ஓரத்துக்கு என் பரிந்துரை சிலிக்கான்தான். சுவரும் தரையும் தனித்தனியாக அசையும் இடம் அது, எப்பாக்ஸி கல்லாகி நின்று ஒருநாள் விரிசல் காட்டும். அங்கே பெயிண்ட் அடிக்கும் வேலை இல்லாததால் ஈலிங்வாசி சொன்ன தொல்லையும் இல்லை.

காவிரிக்கரை

முடிவு செய்துவிட்டோம். எல்லா அறையிலும் சமமாகவே, அதே டைல்ஸ், 98 மி.மீ. கறுப்புக் கிரானைட் யோசனையை மனைவி நிராகரித்துவிட்டார். கறுப்பில் தூசி இன்னும் பளிச்சென்று தெரியுமாம். மட்டக்கோடும் 892-இல் இரண்டாவது கோடும் இன்று அடித்துவிட்டோம். கொத்தனார் அலுமினியச் சட்டம் கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்டார், அதற்குக் கூலி பேசியிருக்கிறோம். "பள்ளத்தை நிரப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு, ஆனால் ஸ்கர்ட்டிங்குக்கு ஓட்டமடிக் கணக்கில் தனிக் கூலி" என்று டைல்ஸ்காரரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு சந்தேகம் மிச்சம். சுவரோடு சேர்த்துச் செய்யும் துணி அலமாரிக்குப் பின்னாலும் ஸ்கர்ட்டிங் வேண்டுமா? மாடிப்படிக்கு என்ன செய்வது?

ரசமட்டம்

அலமாரிக்குப் பின்னாலும் ஓட்டிவிடுங்கள். நான்கு அடியை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? நாளைக்கு அலமாரியை மாற்றினால் சுவர் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சமமாக இருப்பதால் தச்சருக்கும் பலகையை வெட்டிக்கொடுக்க வேண்டிய வேலை இல்லை. ஆனால் பூச்சை நிறுத்தும்போதே சொல்லிவிடுங்கள், அலமாரி வரும் சுவர்தானே என்று தரைவரை பூசிவிடுவார்கள்.

மாடிப்படிக்கு இரண்டு வழி. படியின் வடிவத்துக்கே ஏறி இறங்கி வெட்டி ஒட்டுவது ஒன்று, படி முனைகளைத் தொட்டுக்கொண்டு சரிவாக ஒரே பட்டையாக ஓட்டுவது மற்றொன்று. முதலாவதில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு துண்டு, மூலைகளில் அழுக்குச் சேரும் இடம் அதிகம். சரிவுப் பட்டை பார்க்கவும் நேர்த்தி, துடைக்கவும் எளிது, ஆனால் படிக்கும் பட்டைக்கும் நடுவில் வரும் முக்கோணங்களை அதே கல்லில் நிரப்ப வேண்டும், கல் அதிகம் போகும். படிக்குக் கிரானைட் என்றால், பட்டறையில் படிக்கல் அறுக்கும்போதே ஸ்கர்ட்டிங் பட்டையையும் அதே பலகையிலிருந்து அறுத்து, மேல் விளிம்பை அங்கேயே பாலிஷ் போட்டு வாங்கிவிடுங்கள். படியின் உயரமும் அகலமும் வரைபடத்தில் இருப்பதைக் கொடுக்காதீர்கள், கட்டிய படியை ஒவ்வொன்றாக அளந்து எழுதிக் கொடுங்கள்.

காவிரிக்கரை

அளந்து பார்த்தேன் அண்ணா. மூன்றாவது படி மற்றவற்றைவிட ஓர் அங்குலம் உயரமாக இருக்கிறது. பொறியாளரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

சிவில்_மதுரை

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். கல் அறுக்கக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் படியைச் சரிசெய்யட்டும்.